ஒரு பிடில் மெட்டின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி? ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ காட்டும் வழி

1937 அக்டோபரில் கென்டக்கி மலைப்பகுதியில் உள்ள சாலியர்ஸ்வில் என்ற சிற்றூருக்கு ஓர் இளம் தம்பதி வந்து இறங்கினார்கள். ஆலன் லோமாக்ஸுக்கு அப்போது 22 வயது. வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டுப்பாடல் காப்பகத்துக்காக, ஒலித்தட்டில் நேரடியாகக் கீறிப் பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு மனைவி எலிசபெத்துடன் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அங்கே அறுபதைத் தாண்டிய ஒரு பிடில்காரர் அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். அவர் பெயர் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப். வாசித்தவற்றில் ஒன்று ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’, அதாவது நெப்போலியன் போனபார்ட்டின் பின்வாங்கல்.

ஐந்து வருடம் கழித்து, 1942 அக்டோபர் 16 அன்று, ஆரன் கோப்லாண்ட் இசையமைத்த ‘ரோடியோ’ பாலே நியூயார்க்கில் அரங்கேறியது. அதன் கடைசிப் பகுதியான ‘ஹோ-டவுன்’ பிறகு உலகம் சுற்றியது. 1972-ல் எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற ராக் குழு அதை எடுத்து வாசித்தது. 1990களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாட்டிறைச்சி விளம்பரத்துக்குப் பின்னணியாக ஒலித்தது. அந்த ‘ஹோ-டவுன்’ பகுதியின் முதன்மை மெட்டு, ஸ்டெப் வாசித்த அதே மெட்டுதான்.

நானும் அதை முதலில் ஆர்க்கெஸ்ட்ராவில்தான் கேட்டேன். கோப்லாண்டின் சொந்தக் கற்பனை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஸ்டெப்பின் பதிவைக் கேட்ட அன்று, ஒலித்தட்டின் கரகரப்புக்கு நடுவே அந்தப் பிடில் சீறிப் பாய்வதைக் கேட்டபோது, இவர் பெயர் ஏன் எனக்குத் தெரியாமல் போனது என்ற கேள்வி மனதில் தங்கிவிட்டது. ஒரு மெட்டின் பூர்வீகத்தைத் தேட நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கேள்வியில் இருந்து வந்ததுதான்.

பிடில் வேறு, வயலின் வேறு அல்ல. நம் பெரியவர்கள் கச்சேரி வயலினையே ‘பிடில்’ என்றுதான் சொன்னார்கள். மேற்கில் நாட்டுப்புற மெட்டுகளை, பெரும்பாலும் நடனத்துக்காக, செவிவழியாகக் கற்று வாசிக்கும்போது அதே வாத்தியத்தை பிடில் என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

தேடத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்த மெட்டு எங்கிருந்து வந்தது?’ என்பது ஒரே கேள்வி போலத் தெரியும். உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: பெயர் எங்கிருந்து வந்தது, ஸ்வர வரிசை எங்கிருந்து வந்தது, இப்போது காதில் விழும் இந்த வாசிப்பு யாருடையது. மூன்றுக்கும் ஒரே ஊர், ஒரே காலம் என்று பதில் வருவது அபூர்வம். தேடுபவர்கள் குழம்புவதெல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலக்கும்போதுதான்.

படி 1: கையில் இருப்பது எது என்று முதலில் எழுதுங்கள்

நீங்கள் கேட்ட வாசிப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றும் எத்தனை பார் (மேற்கத்திய இசையின் தாள அளவு), எந்த ஸ்வரம் ஆதாரம், எத்தனை அடித் தாளம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்வரங்களை ச ரி க ம-வில் எழுதினாலும் சரி, மேற்கத்தியக் குறியீட்டில் எழுதினாலும் சரி. கணினியில் தேட ‘ஏபிசி’ குறியீடு வசதியானது. கிறிஸ் வால்ஷா உருவாக்கிய முறை அது. மெட்டை வெறும் எழுத்துகளாகத் தட்டச்சு செய்துவிடலாம். பல இணையத் தொகுப்புகள் அதில்தான் இருக்கின்றன.

அப்புறம், வாசித்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நம் சங்கீதத்தில் ‘இது யார் பாடாந்தரம்?’, அதாவது யார் வழியில் வந்த பாடம் என்று கேட்போமே, அதே கேள்விதான். அமெரிக்கப் பழம்பாணிப் பிடில்காரர்களிடமும் இந்த மரபு உண்டு. ‘இதை ஸ்டெப்பிடம் இருந்து எடுத்தேன்’ என்று, நேரில் பார்த்தே இராத ஒருவரைக்கூட, பதிவு வழியாகக் கற்றதை வைத்துச் சொல்வார்கள். பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: கைமாறிய பாதையில் பின்னோக்கி நடங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி, மிகுந்த பலன் தருவதும் இதுதான். எட்ட இருக்கும் அயர்லாந்துக்கோ ஸ்காட்லாந்துக்கோ தாவாமல், உங்களுக்கு மிக அருகில் இருக்கும் கண்ணியில் இருந்து ஒவ்வொன்றாகப் பின்னே போங்கள்.

‘ஹோ-டவுன்’ பகுதியையே எடுத்துக்கொள்வோம். கோப்லாண்டின் நிகழ்ச்சிக் குறிப்பே அதில் ‘போனிபார்ட்’, ‘மெக்லியோட்ஸ் ரீல்’ என்ற இரண்டு நடன மெட்டுகள் இருப்பதாகச் சொல்கிறது. மெட்டின் பெயர் இருக்கிறது, வாசித்தவர் பெயர் இல்லை. ஆனால் ‘போனிபார்ட்’ என்ற எழுத்துக்கூட்டல் ஒரு தடயம். அதே கூட்டல் 1941-ல் வெளிவந்த ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ என்ற நூலில் இருக்கிறது. ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் தொகுத்தது. அதில் இசையைக் கேட்டு எழுதியவர் ரூத் க்ராஃபோர்ட் சீகர். அவரே ஒரு முக்கியமான நவீன இசையமைப்பாளர். ஒலித்தட்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாடகரோ வாசிப்பவரோ ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே செய்யும் சின்ன மாற்றத்தைக்கூடத் தவறவிடாமல் எழுதினார். அவர் எழுதிய பக்கத்தைக் கோப்லாண்ட் படித்தார். பக்கத்துக்குப் பின்னால் ஒலித்தட்டு. ஒலித்தட்டுக்குப் பின்னால் ஸ்டெப்.

இது வெறும் ஊகம் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதங்களை ஒப்பிட்ட முறை இங்கே அப்படியே பொருந்தும். எல்லாச் சுவடியிலும் இருக்கும் சொல் எதையும் நிரூபிக்காது. இரண்டு சுவடிகளில் மட்டும் இருக்கும் ஒரு விசித்திரமான வாசகம்தான் அந்த இரண்டுக்கும் உறவு சொல்லும். ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ மெட்டைப் பொதுவாக மெதுவான அணிவகுப்பாகத்தான் வாசிப்பார்கள். ஸ்டெப் அதைத் தட்டித் தூக்கி, கால் நிற்காத வேக நடன மெட்டாக ஆக்கினார். கோப்லாண்டிடம் இருப்பது அந்த வேகம். ஸ்டெப்பின் தனிப்பட்ட திருப்பங்களும் அதில் இருக்கின்றன. மற்ற பிடில்காரர்களிடம் இல்லாதவை அவை. ஆக, கோப்லாண்ட் எடுத்தது பொதுச்சொத்தாக ஊரில் உலவிய ஒரு மெட்டை அல்ல. ஒரு தனி மனிதரின் வாசிப்பை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘நாட்டுப்புற மெட்டு’ என்ற சொல் பல சமயம் ஒரு ஆளின் கைவேலையை மறைத்துவிடுகிறது.

காப்பகங்களில் தேடும்போது பெயர்கள் ஏமாற்றும். ஸ்டெப்பின் பதிவுகள் நெடுங்காலம் ‘டபிள்யூ. எம். ஸ்டெப்’ என்ற பெயரில் வழங்கின. வில்லியம் என்பதன் சுருக்கமான இரண்டு எழுத்துகளை இரண்டு முன்னெழுத்துகளாகப் படித்ததன் விளைவு. உண்மையில் அவர் டபிள்யூ. எச். அதனால் ஒரு பெயரை நான்கைந்து விதமாகக் கூட்டித் தேடுங்கள். ஊர்ப் பெயர், மாவட்டப் பெயர் வைத்தும் தேடுங்கள்.

எங்கே தேடுவது? லோமாக்ஸ் கென்டக்கியில் செய்த பதிவுகள் இன்று இணையத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. பழைய அமெரிக்கப் பிடில் பதிவுகளுக்கு ‘ஸ்லிப்பரி ஹில்’ என்ற தளம் ஒரு புதையல். வணிக ஒலித்தட்டுகளின் பதிவு நாள், ஊர், தட்டு எண் வேண்டுமானால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் ஒலித்தட்டு அட்டவணை இருக்கிறது. அதைப் பழகிக்கொண்டால், ஜார்ஜியா மாநிலத்துப் பிடில்காரர் ஏ. ஏ. கிரே 1924-லேயே ‘ஓகே’ என்ற ஒலித்தட்டு நிறுவனத்துக்காக அட்லாண்டாவில் ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ வாசித்துப் பதிவு செய்தது போன்ற செய்திகள் கைக்கு வரும். ஸ்டெப்புக்குப் 13 வருடம் முன்னால். இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். ஸ்டெப் என்ன செய்தார் என்று காதே சொல்லிவிடும்.

படி 3: பெயரைத் தனியாக விசாரியுங்கள்

மெட்டுக்குப் பெயர் என்பது சட்டை மாதிரி. மாற்றிப் போடலாம், இரவல் கொடுக்கலாம். ‘போனபார்ட்’ என்று தொடங்கும் பிடில் மெட்டுகள் ஏராளம். போனபார்ட் ரைன் நதியைக் கடந்தது, ஆல்ப்ஸ் மலையைக் கடந்தது என்றெல்லாம் தலைப்புகள் உண்டு. அயர்லாந்திலும் ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ என்று ஒரு நடன மெட்டு இருக்கிறது. அது முழுக்க வேறு மெட்டு. பெயரை மட்டும் தட்டித் தேடினால் இரண்டும் கலந்து வரும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஆனாலும் பெயர் பயனற்றது இல்லை. அது ஒரு காலக் கோடு போட்டுத் தரும். நெப்போலியன் பெயர் வெளியுலகுக்குத் தெரிய வந்தது 1796-ல் இத்தாலியில் அவர் படை நடத்தியபோது. மாஸ்கோவில் இருந்து பின்வாங்கியது 1812-ல். ஆக, இந்தத் தலைப்பு 1796-க்கு முந்தியதாக இருக்க முடியாது; மாஸ்கோ பின்வாங்கலைக் குறித்தால் 1812-க்கும் பிந்தியது. மெட்டு அதற்கு நூறு வருடம் முந்தியதாக இருக்கலாம். அதைப் பற்றி இந்த வருடக் கணக்கு ஒன்றும் சொல்லாது.

பிரிட்டனின் எதிரி பெயரில் ஏன் இத்தனை மெட்டுகள்? பதிலின் ஒரு பகுதி அயர்லாந்தில் இருக்கிறது. 1798 ஆகஸ்ட்டில் ஐரிஷ் கிளர்ச்சிக்குத் துணையாகச் சுமார் ஆயிரம் பிரெஞ்சு வீரர்கள் மேயோ மாவட்டத்தின் கில்லாலாவில் கரையிறங்கினார்கள். அந்தக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பிறகும், பிரான்ஸில் இருந்து விடுதலை வரும் என்ற நம்பிக்கை பாடல்களில் தங்கியது. நெப்போலியன் அந்த நம்பிக்கையின் முகமானார். கப்பலேறி அமெரிக்கா போனவர்களோடு அந்தப் பாடல்களும் மெட்டுகளும் போயின.

‘ரிட்ரீட்’ என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பின்வாங்கல் மட்டுமல்ல அதன் பொருள். மாலையில் படை முகாமில் முரசும் குழலும் முழங்கும் சடங்குக்கும் அதுதான் பெயர். ஒவ்வொரு ஜனவரி 29 அன்றும் டெல்லியில் நடக்கும் ‘பீட்டிங் ரிட்ரீட்’ அந்த வழக்கத்தில் வந்தது. ஒரு மெட்டின் தலைப்பில் இந்தச் சொல்லைப் பார்த்தால் படைக் குழல்காரர்களின் தொகுப்புகளையும் புரட்டிப் பாருங்கள்.

பிடில்காரர்கள் சொல்லும் கதைகளையும் குறித்து வையுங்கள், சாட்சியமாக அல்ல, கதையாகவே. ஐரா ஃபோர்ட் 1940-ல் வெளியிட்ட தொகுப்பில் இந்த மெட்டை ஒரு போர்க்காட்சி போல வாசித்த விதத்தை விவரிக்கிறார்: வில்லின் பின்புறத்தால் தந்திகளைத் தட்டித் துப்பாக்கிச் சத்தம், விரலால் தந்தியைச் சுண்டிப் பீரங்கி. அது நெப்போலியனின் போரைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லவில்லை. அமெரிக்க மலைக்கிராமத்தில் மக்கள் இந்த மெட்டை எப்படிக் கேட்டார்கள் என்பதைச் சொல்கிறது. எனக்கு அதுவும் பொக்கிஷம்தான்.

படி 4: பெயரை மறந்துவிட்டு ஸ்வரத்தை வைத்துத் தேடுங்கள்

பெயர் முழுசாகத் தொலைந்துபோன மெட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில், அதாவது மேற்கத்திய பாணி மெட்டுகளில் அமைந்த பாடல்களில், ‘வந்தே மீனாக்ஷி’ என்று ஒன்று உண்டு. குழந்தைகளுக்குக் கற்றுத்தருவார்கள். அதன் மெட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற ஐரிஷ் மெட்டு. மாலோ என்பது கார்க் மாவட்டத்து ஊர். 18-ஆம் நூற்றாண்டில் மருத்துவ ஊற்றுக்குப் பேர்போனது. அங்கே கூடிக் கும்மாளமடித்த பணக்கார இளைஞர்களைப் பற்றிய பாட்டு அது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு சென்னைப் பக்கம் வந்து, சம்ஸ்கிருத வார்த்தைகள் ஏறி, மதுரை மீனாட்சி மீதான பாடலாகிவிட்டது. பெயரை வைத்து எவ்வளவு தேடினாலும் இந்த உறவு கிடைக்காது. ‘ச க ச க’ என்று அது தொடங்கும் விதத்தை வைத்துத்தான் பிடிக்க முடியும். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் மேற்கத்திய வயலினைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், மெட்டும் வாத்தியமும் ஏறக்குறைய ஒரே வாசல் வழியாக நுழைந்தது தெரியும்.

செய்முறை இப்படி. அலங்காரங்களை எல்லாம் கழற்றிவிடுங்கள். தாளத்தின் அழுத்தமான அடிகளில் விழும் ஸ்வரங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். எல்லா வடிவங்களையும் ஒரே ஆதார ஸ்வரத்துக்கு மாற்றுங்கள். ச ரி க ம-வில் எழுதிப் பழகியவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடும், நமக்கு இருக்கும் பெரிய வசதி இது. பிறகு முதல் இரண்டு பார்களை மட்டும் வைத்து ‘ஃபோக் டியூன் ஃபைண்டர்’ போன்ற ஸ்வரத்தேடல் தளங்களில் தேடுங்கள். ஐரிஷ் மெட்டுகளுக்கு ‘தி செஷன்’ தளம் இருக்கிறது. ஆண்ட்ரூ கண்ட்ஸ் பல்லாண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளில் வளர்ந்த ‘டிரடிஷனல் டியூன் ஆர்க்கைவ்’, ஒவ்வொரு மெட்டுக்கும் வரலாற்றுக் குறிப்பு தரும். ஆனால் அங்கே படிப்பதை முடிவாக எடுக்காதீர்கள், அது காட்டும் மூலத்தைப் போய்ப் பாருங்கள்.

அச்சுத் தொகுப்புகளில் எவை பழையவை என்று தெரிந்திருப்பது நல்லது. இங்கிலாந்துக்கு ஜான் பிளேஃபோர்டு 1651-ல் வெளியிட்ட நடனநூல். அமெரிக்கத் தென்பகுதிக்கு ஜார்ஜ் நாஃப் 1839-ல் கொண்டுவந்த ‘வர்ஜீனியா ரீல்ஸ்’. அயர்லாந்துக்கு ஜார்ஜ் பெட்ரி சேர்த்த 1,582 மெட்டுகள், இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்டு அவற்றை 1902 முதல் 1905 வரை பதிப்பித்தார். சிகாகோவின் பிரான்சிஸ் ஓநீல் 1903-ல் வெளியிட்ட 1,850 மெட்டுகள். ஒன்றை மறக்க வேண்டாம்: அச்சான வருடம் மெட்டின் பிறந்த வருடம் இல்லை. அந்த வருடம் மெட்டு ஏற்கெனவே இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

நம் மெட்டுக்கு இப்படித் தேடினால் ‘தி ஈகிள்ஸ் விசில்’ என்ற ஐரிஷ் அணிவகுப்பு மெட்டில் வந்து நிற்போம். கழுகின் சீட்டி என்று பொருள். பென்சில்வேனியாவில் பிடில், படைக்குழல் மெட்டுகளைப் பல்லாண்டு சேகரித்த சாமுவேல் பேயார்ட் இந்த உறவைச் சுட்டிக்காட்டினார். ‘மெட்டுக் குடும்பம்’ என்ற கருத்தை ஆய்வில் வலுவாக நிறுத்தியவரும் அவர்தான். அக்கா தங்கை மூக்கு ஒத்துப்போவது போல, ஒரே எலும்புக்கூட்டில் வெவ்வேறு ஊர்களில் வளர்ந்த மெட்டுகள் ஒரு குடும்பம். இங்கே ‘இதில் இருந்து அது பிறந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். ‘இரண்டும் ஒரே குடும்பம்’ என்பதுதான் சான்று தாங்கும் வாக்கியம்.

படி 5: தந்தியையும் வில்லையும் கவனியுங்கள்

காகிதத்தில் மட்டும் தேடுபவர்கள் தவறவிடுவது இதை. வழக்கமாக வயலினின் நான்கு தந்திகள் ஜி-டி-ஏ-ஈ. ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ வாசிக்கப் பிடில்காரர்கள் தடித்த தந்தியை ஜி-யில் இருந்து டி-க்கு இறக்குவார்கள். பலர் மெல்லிய ஈ தந்தியையும் டி-க்கு இறக்கி டி-டி-ஏ-டி என்று வைத்துக்கொள்வார்கள். டி-யை ஆதாரமாக வைத்தால் ச-ச-ப-ச. கர்நாடக வயலினை ச-ப-ச-ப என்று கூட்டும் நமக்கு இதன் பலன் உடனே புரியும். விரல் எங்கே இருந்தாலும் பக்கத்துத் தந்தி சுருதி போட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த இடைவிடாத சுருதி பேக்பைப்பின் சுருதிக்குழலை நினைவூட்டும். மேலே சொன்ன ஐரா ஃபோர்டும் வில்லை நிறுத்தாமல் இழுத்துப் பைப்பையும் குழலையும் போல ஒலிக்கச் செய்ததைக் குறிப்பிடுகிறார். தந்தி கூட்டும் முறை ஒரு மெட்டோடு ஒட்டிக்கொண்டே பயணம் போகும். பெயர் மாறினாலும் அது மாறாமல் இருப்பதைப் பார்க்கலாம். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் தந்தி கூட்டியிருக்கும் விதத்தைக் கண்டுபிடித்து எழுதுங்கள். தெரிந்துகொள்ள எளிய வழி, நீங்களே தந்தியை இறக்கிப் பதிவோடு சேர்ந்து வாசித்துப் பார்ப்பது. சாதாரண முறையில் கைக்கு வராத ஒரு ஸ்வரக்கோவை, தந்தியை மாற்றியதும் சுலபமாக விழுந்தால், அதுதான் சரி. தடித்த தந்தி தளர்ந்து கொஞ்சம் உறுமும். அந்த உறுமலையே ஸ்டெப்பின் பதிவிலும் கேட்பீர்கள்.

படி 6: மெட்டு பிறகு எங்கே போனது என்றும் பாருங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். 1950-ல் பீ வீ கிங் இதே மெட்டுக்குக் காதல் வரிகள் சேர்த்தார். அதே வருடம் கே ஸ்டார் பாடி அது பிரபலமானது. 1974-ல் க்ளென் கேம்பல் பாடினார். இப்படிப் பிந்தைய வடிவங்களைத் தெரிந்துகொண்டால், இன்று ஒருவர் வாசிப்பது மலைப்பிடில் வழியா, வானொலிப் பாட்டு வழியா, கோப்லாண்ட் வழியா என்று பிரித்துச் சொல்லலாம். ஒரே மேடையில் மூன்றும் கலந்து வருவதும் உண்டு.

படி 7: கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்

பெயர், மெட்டு, வாசிப்பு மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். நீங்களே கேட்டது, அச்சில் பார்த்தது, இன்னொருவர் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறியுங்கள். என் குறிப்பேட்டில் இந்த மெட்டுக்கான பக்கம் இப்படி இருக்கிறது:

போனபார்ட்ஸ் ரிட்ரீட். அச்சில் போனிபார்ட் என்றும் உண்டு. அயர்லாந்தில் இதே பெயரில் உள்ள நடன மெட்டு வேறு.
பெயர்: நெப்போலியன் காலம் அல்லது அதற்குப் பின்.
மெட்டு: ‘தி ஈகிள்ஸ் விசில்’ குடும்பம். உறவைச் சொன்னவர் பேயார்ட்.
தந்தி: டி-டி-ஏ-டி.
முந்தைய பதிவு: ஏ. ஏ. கிரே, அட்லாண்டா, 1924. கேட்டேன்.
நான் வாசிப்பது: வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப் (1875–1957) பாடாந்தரம். சாலியர்ஸ்வில், கென்டக்கி, 1937 அக்டோபர். பதிவு செய்தவர்கள் ஆலன், எலிசபெத் லோமாக்ஸ். கேட்டு எழுதியவர் ரூத் க்ராஃபோர்ட் சீகர், 1941. கோப்லாண்டுக்குப் போனது இதில் இருந்து.